யார்க்கு இப்பரிசு?
கூடைப்பந்து அணியின் முதன்மையாளரைத் தெரியும் முறை

இவ்வாண்டின் ஆட்டப்பருவம் முடிந்துவிட்டது. மாலைதோறும் கூடைப்பந்து மைதானத்தில் எழுந்த ஆரவாரம் அடங்கியது. பந்துகள் உடற்பயிற்சி ஆசிரியரின் அறைக்குள் பூட்டப்பட்டன. மாணவர்கள் தேர்வை எண்ணிப் புத்தகங்களைத் தேடத் தொடங்கிவிட்டனர். ஆயினும் ஒரு கேள்வி மட்டும் அடங்கவில்லை. விடுதி உணவறையிலும், வேப்பமரத்தடியிலும், நூல்நிலையத்தின் வாயிற்படியிலும் அதுவே பேச்சாயிருக்கின்றது. “நம் அணியில் இவ்வாண்டின் முதன்மையாளர் யார்? பரிசளிப்பு விழாவில் அக்கோப்பை யாருடைய கையிற் சேரவேண்டும்?” என்பதே அக்கேள்வி.

விளையாட்டுத்தனமான இக்கேள்விக்கு ஒரு கட்டுரை வேண்டுமோ என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே நம் கருத்து. பரிசு என்பது பெறுபவர்க்கு மட்டும் உரியதன்று. காண்பவர்க்கும் அஃது ஒரு பாடமாகும். கல்லூரி எதனைப் போற்றுகின்றது என்பதை, சுவரிலுள்ள பலகையில் எழுதப்பெறும் பெயரைக் கண்டே முதலாண்டு மாணவன் அறிந்துகொள்கிறான். அதிகப் புள்ளி எடுத்தவர்க்கே ஆண்டுதோறும் அப்பெருமை செல்லுமாயின், அடுத்த பருவத்தில் எல்லோரும் கூடையை நோக்கியே எறிவர். தோழனை நோக்கி எறிவார் ஒருவரும் இரார். ஆகவே இப்பரிசைத் தவறாகக் கொடுப்பதனால் ஒருவர்க்கு மட்டும் அநீதி விளைவதில்லை. வரப்போகும் அணியே கெட்டுப்போகின்றது.

முதற்கண் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் எம்.வி.பி. என்று சுருக்கி வழங்கும் இப்பட்டம், அணிக்கு மிகுந்த மதிப்பு வாய்ந்த ஆட்டக்காரர் என்று பொருள்படும். வாதம் செய்வோர் பெரும்பாலும் மூன்று வேறு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்பது முதற்கேள்வி. இது வெறுங்கணக்கு, புள்ளிப் புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிஷத்தில் விடை கிடைத்துவிடும். ஆட்டத்திறன் மிகுந்தவர் யார் என்பது இரண்டாங்கேள்வி. பயிற்சியிலேயே இதனைக் கண்டுகொள்ளலாம். எவர் இல்லாதிருந்தால் நம் அணி மிகவும் தாழ்ந்திருக்கும் என்பது மூன்றாங்கேள்வி. பரிசின் பெயர் சுட்டுவது இம்மூன்றாவதையே. மூன்றுக்கும் ஒருவரே விடையாதலும் உண்டு; ஆனால் ஆகவேண்டுமென்னும் நியதி இல்லை.

புள்ளி எடுப்பதே கூடைப்பந்தின் உயிர் அன்றோ என்பார்க்கு, அவ்விளையாட்டின் பிறப்பு வரலாறே தக்க மறுமொழியாகும். 1891-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதம் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இது தோன்றியது. தோற்றுவித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா தேசத்து ஆசிரியர். கிறிஸ்தவ வேதசாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றவர். குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாது சலிப்புற்றிருந்த மாணவர்க்கு, கட்டிடத்துக்குள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. அவர் பதின்மூன்று விதிகளை வகுத்தார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மேல்மாடத்தில் அறைந்தார். பதினெண்மரை ஒன்பதின்மராக இருபுறம் பிரித்து, கால்பந்தையே கொடுத்து ஆடச்செய்தார். அம்முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை! கூடைக்கு அடிப்புறம் அடைபட்டிருந்தமையால், விழுந்த பந்தை ஏணி வைத்து எடுக்கவேண்டியிருந்தது.

அப்பதின்மூன்று விதிகளில் உயிர்நிலையானது ஒன்று உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் ஓடலாகாது. பிடித்த இடத்திலிருந்தே எறியவேண்டும் என்பதே அது. பந்தோடு ஓடுபவனைத் தடுக்கவன்றோ மற்றவர் அவன்மேற் பாய்ந்து வீழ்த்துகின்றனர்? ஓட்டத்தை நீக்கினால் முரட்டுத்தனமும் நீங்கும் என்பது நெய்ஸ்மித்தின் எண்ணம். அதன் பயனாக, தோழனுக்குப் பந்தைக் கொடுத்தாலன்றி ஆட்டம் நகராது என்னும் நிலை பிறந்தது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே செல்லும் ‘டிரிபிளிங்’ பின்னாளில் வந்து சேர்ந்தது. ஆகவே கொடுத்தலே இவ்விளையாட்டின் வித்து. கூடையில் இடுதல் அதன் விளைவு. விளைவை மட்டும் அளந்து வித்தை மறப்பது முறையாகாது.

அமெரிக்க மண்ணில் முளைத்த இவ்வித்து நம் நாட்டுக்கும் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் வாயிலாகவே வந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அதிற் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இவ்விளையாட்டைப் பரப்பினர். 1934-இல் தேசியப் போட்டி தொடங்கியது. நம் கொங்குநாட்டிலோ இஃது இன்று விருந்தினர் நிலையைக் கடந்து வீட்டாராகவே ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் நடைபெறும் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, மகளிர்க்குரிய சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை ஆகிய அகில இந்தியப் போட்டிகளும், கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு பெயரால் நடைபெறும் போட்டியும் நாடறிந்தவை. இந்தியக் கடற்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மாநில மின்வாரியம் போன்ற பெயர்பெற்ற அணிகளின் ஆட்டத்தைக் கட்டணம் கொடுத்து அயலூர் செல்லாமலே கண்டு பழகியவர்கள் நம்மவர்கள். இத்தகைய ஊரில் வாழும் நாம், ஆட்டக்காரரை எடைபோடும் கலையிலும் தேர்ந்தவராக இருத்தல் வேண்டுமன்றோ?

இதற்கு நம் நாட்டுப்புறத்திலேயே ஓர் உவமை உண்டு. மோட்டார் பம்புகள் வருமுன் கொங்குநாட்டுத் தோட்டங்களிற் கவலை இறைத்தே பயிர் செய்தனர். ஒருவர் மாடுகளைச் சரிவில் ஓட்டுவார். வடம் இழுபட, சால் கிணற்றினின்று மேலெழுந்து வாய்க்காலில் நீரைக் கொட்டும். தொலைவிலே மற்றொருவர் மண்வெட்டியோடு நின்று, பாத்தி நிறைய நிறைய மடை மாற்றுவார். வழிப்போக்கன் கண்ணிற் படுவது சாலினின்று ‘சோ’வென்று கொட்டும் நீரே. ஆனால் மடை மாற்றுபவர் சற்று அயர்ந்தாராயின் ஒரு பாத்தி மூழ்கும், மற்றொரு பாத்தி காயும். மாடு ஓட்டுபவர் அயர்ந்தால் நீரே வாராது. தோட்டத்துக்காரர் கூலியளக்கும்போது கொட்டிய நீரின் ஓசையைக் கேட்டு அளப்பதில்லை. விளைந்த பயிரைப் பார்த்தே அளப்பார். கூடைப்பந்து அணியையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

இனி, புள்ளிப் புத்தகம் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை ஆராய்வோம். பெரும்பாலான கல்லூரிகளிற் புத்தகத்தில் ஏறுவன இரண்டே: யார் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை பவுல் செய்தார் என்பன. இவை போதா. கூடையிற் சேராமற் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதை ரீபவுண்டு என்றும், தோழன் உடனே புள்ளி எடுக்குமாறு பந்தைக் கொடுப்பதை அசிஸ்ட் என்றும், எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பதை ஸ்டீல் என்றும், எதிரி எறிந்த பந்தைக் கூடையை அடையாமல் தடுப்பதைப் பிளாக் என்றும் ஆட்டக்காரர் வழங்குவர். எறியாமலே பந்தை எதிரிக்கு இழந்துவிடுவது டர்ன்ஓவர். இவற்றோடு குறி தவறிய எறிகளையும் எழுதி வைத்தால், ஒருவரது ஆட்டத்தின் வரவுசெலவு நமக்கு ஓரளவு புலப்படும்.

அவ்வரவுசெலவைக் கணக்கிட எளியதொரு வாய்பாடு உலகெங்கும் வழக்கில் உள்ளது. புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஆகிய ஐந்தையும் கூட்டவேண்டும். தவறிய எறி, தவறிய தனியெறி, டர்ன்ஓவர் ஆகிய மூன்றையும் அதிற் கழிக்கவேண்டும். எஞ்சுவதை ஆடிய ஆட்டங்களின் தொகையால் வகுத்தால், ஓர் ஆட்டத்துக்கு அவர் அணிக்கு ஈட்டித்தந்த நிகரலாபம் தோராயமாகக் கிடைக்கும்.

உதாரணமாக, பத்து ஆட்டங்கள் ஆடிய இருவரைக் கற்பித்துக்கொள்வோம். முன்னவர் கூடையை நோக்கி 200 முறை எறிந்து 90 முறை வென்றார். 30 தனியெறிகளில் 20 விழுந்தன. எல்லாம் இரண்டு புள்ளிக் கூடைகள் என்று கொண்டால் அவரது புள்ளி 200. ரீபவுண்டு 30, அசிஸ்ட் 10, ஸ்டீல் 8, பிளாக் 2, டர்ன்ஓவர் 35. பின்னவர் எறிந்தது 75, வென்றது 40. தனியெறி 12-இல் 10. ஆகவே அவரது புள்ளி 90 மட்டுமே. ஆனால் ரீபவுண்டு 85, அசிஸ்ட் 55, ஸ்டீல் 25, பிளாக் 15, டர்ன்ஓவர் 20. முன்னவர்க்கு வரவு 250. செலவு, தவறிய எறி 110, தவறிய தனியெறி 10, இழந்த பந்து 35 ஆக 155. எஞ்சுவது 95. அஃதாவது ஆட்டத்துக்கு 9.5. பின்னவர்க்கு வரவு 270. செலவு 35, 2, 20 ஆக 57. எஞ்சுவது 213. அஃதாவது ஆட்டத்துக்கு 21.3. மைதானத்தின் ஓரத்தில் நின்று கைதட்டிய நமக்கு முன்னவரே கதாநாயகர். கணக்கோ பின்னவர் பக்கம் சாய்கின்றது. தவறிய ஒவ்வோர் எறியும் தோழர் ஒருவர்க்குக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பு என்பதை நாம் நினைப்பதில்லை; அதனாலேயே ஏமாறுகின்றோம்.

இவ்வாய்பாடும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. எதிரணியின் வல்லவரை ஆட்டம் முழுவதும் நிழல்போற் தொடர்ந்து, அவர் கைக்குப் பந்தே வாராமற் செய்த ஒருவர்க்கு எக்கட்டத்தில் எழுதுவது? தன்னுடம்பையே சுவராக நிறுத்தித் தோழனுக்கு வழிசெய்யும் ‘ஸ்கிரீன்’ எவ்வேட்டில் ஏறும்? இதற்காகவே மற்றொரு கணக்கையும் கண்டிருக்கின்றனர். ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் நம் அணி எடுத்த புள்ளி எத்தனை, எதிரணி எடுத்தது எத்தனை என்று குறித்து, இரண்டின் வேற்றுமையைக் காண்பதே அது. அவர் வெளியே அமர்ந்திருந்த நேரத்துக்கும் அவ்வாறே காணவேண்டும். அவர் களத்தில் உள்ளபோது அணி ஏறுவதும், அமர்ந்தபோது இறங்குவதும் பல ஆட்டங்களிற் தொடர்ந்து காணப்படின், காரணம் நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காரியம் அவரிடத்து உண்டு என்று ஊகிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். வல்லவர் ஒருவரோடு எப்போதும் சேர்ந்தே ஆடுபவர்க்கும் அப்பெருமை ஒட்டிக்கொள்ளும். கல்லூரிப் பருவத்தின் சில ஆட்டங்களை மட்டும் கொண்டு இதனை அறுதியிடுதல், இரண்டு மழையைக் கண்டு அவ்வாண்டின் விளைச்சலைச் சொல்வதை ஒக்கும்.

ஏட்டில் ஏறாத தகுதியை உலகம் எவ்வாறு மதித்தது, எவ்வாறு மதிக்கத் தவறியது என்பதற்கு, இவ்விளையாட்டின் தாயகத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. அது பில் ரஸல் என்பவரின் வரலாறு. ஸான் பிரான்ஸிஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராயிருந்த காலத்தில், 1954-55-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி 29 ஆட்டங்களில் 28-ஐ வென்று தேசியக் கல்லூரிப் பட்டத்தைக் கைப்பற்றியது. இறுதிச்சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரரென ரஸலையே தெரிந்தனர். ஆயினும் அதே பருவத்துக்கு வட கலிபோர்னியாவின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் யார் என்று அப்பகுதியிலுள்ளோர் தெரிந்தபோது, பெயர் பெற்றவர் வேறொரு கல்லூரியைச் சேர்ந்தவர்! நாடு முழுவதையும் வென்றவர் தம் சொந்த வட்டாரத்தில் முதல்வராக எண்ணப்படவில்லை. ரஸல் கறுப்பினத்தவர். அக்காலத்து அமெரிக்காவில் நிறவேற்றுமை எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை அறிந்தவர்கள் இத்தீர்ப்பைக் கேட்டு வியப்படையார்.

ரஸல் பிற்காலத்தில் அதனை நினைவுகூர்ந்து ஓர் உண்மையைச் சொன்னார். பிறர் அளிக்கும் மதிப்பையே தம் வாழ்வின் தீர்ப்பாகக் கொண்டால் மனக்கசப்பே மிஞ்சும் என்று அவர் உணர்ந்தாராம். அணியின் வெற்றியோ எவருடைய அபிப்பிராயத்தையும் சார்ந்ததன்று. ஆகவே அதனையே குறிக்கோளாகக் கொண்டார். தொழில்முறை ஆட்டத்தில் பாஸ்டன் அணிக்காகப் பதின்மூன்று பருவங்கள் ஆடி, பதினொன்றில் பட்டம் வென்றார். அவரது பெருமை எறிவதில் இருந்ததைவிடத் தடுப்பதிலேயே மிகுதியாக இருந்தது. ஆனால் பிளாக், ஸ்டீல் என்பவற்றை அத்தொழில்முறைச் சங்கத்தார் முறையாக எழுதத் தொடங்கியதே 1973-74-ஆம் பருவத்திலேதான். ரஸல் ஓய்வுபெற்றதோ 1969-இல். ஆகவே அவர் தடுத்த பந்துகளின் தொகை எந்த அதிகாரபூர்வமான ஏட்டிலும் இல்லை!

அப்படியாயின் அவரது மதிப்பை அறிந்தவர் யார்? அவரை எதிர்த்து ஆடியவர்களே. அச்சங்கத்தின் முதன்மையாளர் பரிசு 1955-56-இல் தொடங்கியது. 1979-80 வரை ஆட்டக்காரர்களே வாக்களித்து அதனை வழங்கிவந்தனர். 1957-58-இல் ஆட்டக்காரர்கள் ரஸலை முதன்மையாளராகத் தெரிந்தனர். அதே பருவத்தில் பத்திரிகையாளர்கள் வகுத்த சிறந்தோர் அணிகளில் அவர்க்குக் கிடைத்தது இரண்டாம் அணியில் இடம். 1961-62-இல் வில்ட் சேம்பர்லின் என்பவர் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். இன்றுவரை எவரும் அதனை எட்டியதில்லை. அப்பருவத்திலும் ஆட்டக்காரர்கள் தெரிந்தெடுத்தது ரஸலையே. மேடைக்கு எதிரே அமர்ந்து காண்பவர்க்கும், மார்போடு மார்பாக நின்று மோதுபவர்க்கும் உள்ள பார்வை வேற்றுமை இதனால் விளங்கும்.

இதனைக்கொண்டு ஆட்டக்காரர் தீர்ப்பே குற்றமற்றது என்றும் சொல்லிவிடலாகாது. அவர்க்கும் நட்பு உண்டு, பொறாமை உண்டு. 1980-81 முதல் அப்பரிசைப் பத்திரிகையாளர், ஒலிபரப்பாளர் அடங்கிய குழுவே தெரிகின்றது. ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களை வரிசையாக எழுத, முதலிடத்துக்கு 10, அடுத்தவற்றுக்கு 7, 5, 3, 1 என மதிப்பெண் இடுகின்றனர். எந்த ஒரு சாராரும் தனித்து முழுமையைக் காண்பதில்லை. ஆகவே பலசாரார் கண்களையும் ஒன்றுசேர்ப்பதே அறிவுடைமை.

தோற்ற அணியில் உள்ளவர் இப்பெருமைக்கு உரியவராவாரா என்னும் வினாவும் எழுவதுண்டு. 1969-இல் அத்தொழில்முறைச் சங்கத்தார் இறுதிப் போட்டிக்கென்று தனியே ஒரு முதன்மையாளர் பரிசை ஏற்படுத்தினர். அதனை முதன்முதற் பெற்ற ஜெர்ரி வெஸ்ட் தோற்ற அணியைச் சேர்ந்தவர். வென்றது ரஸலின் அணி. 1983-இல் அமெரிக்கக் கல்லூரி இறுதிச்சுற்றிலும் தோற்ற ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹக்கீம் ஒலாஜுவானே தலைசிறந்தவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். வெற்றி அணியினுடையது, மதிப்பு தனிமனிதருடையது. ஆகவே நம் அணி தோற்ற ஆட்டங்களையும் மறவாது பார்த்தல் வேண்டும். இருபது புள்ளி பின்தங்கிய நிலையிலும் ஓடிச்சென்று தடுப்பவர் யார் என்பது அப்போதுதான் தெரியும்.

நிற்க. நம் கல்லூரிகளில் இதனைச் செய்யத்தக்க முறையாக நாம் கருதுவதைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, எதற்காகப் பரிசு என்பதைப் பருவம் தொடங்குமுன்னரே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அளவுகோலைத் தேடுபவர், தமக்கு வேண்டியவர் உயரத்துக்கே அதனை வெட்டிக்கொள்வர். குறைந்தது எத்தனை ஆட்டம் ஆடியிருக்கவேண்டும் என்பதையும் அப்போதே வரையறுத்தல் நன்று.

இரண்டாவது, முழுமையான ஏடு வேண்டும். ஆட்டத்துக்கு இருவர் போதும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் எழுதலாம். ஆடத் தெரியாத மாணவரும் அணிக்குத் தொண்டு செய்ய இஃது ஒரு நல்வழி. கணித வகுப்பினரும் வணிகவியல் வகுப்பினரும் இதனை விரும்பி ஏற்பர் என்று நம்புகின்றோம்.

மூன்றாவது, வாக்காளர் பலதிறத்தவராயிருக்கவேண்டும். அணியினர், பயிற்சியாளர், ஏடு எழுதியவர், இயலுமாயின் நம்மோடு ஆடிய பிற கல்லூரிகளின் தலைவர்கள் ஆகியோர் இரகசியச் சீட்டில் மூன்று பெயர்களை வரிசையாக எழுதட்டும். தம் பெயரைத் தாமே எழுதலாகாது. முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 எனக் கொள்க. இவ்வரிசை முறையின் பயன் யாது? பதினைவர் வாக்களிக்க, ஒருவர் ஏழு முதலிடமும் எட்டு மூன்றாமிடமும் பெற்றால் அவர்க்கு 43. மற்றொருவர் ஆறு முதலிடமும் ஒன்பது இரண்டாமிடமும் பெற்றால் அவர்க்கு 57. ஒரு கட்சியார் மட்டும் உச்சியில் வைத்தவரைவிட, எல்லோரும் உயர்வாக மதித்தவரே முன்னிற்பார்.

நான்காவது, மேடையில் பெயரைப் படிக்கும்போது காரணத்தையும் இரண்டு வாக்கியத்திற் படிக்கவேண்டும். காரணம் சொல்ல நாணும் தேர்வு நேர்மையான தேர்வு ஆகாது. கேட்டிருக்கும் முதலாண்டு மாணவர்க்கும் அக்காரணமே பரிசைவிடப் பெரும்பயன் தருவது.

ஐந்தாவது, மகளிர் அணிக்கும் இதே ஏடு, இதே சீட்டு, இதே அளவான கோப்பை இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிற் பிறந்து, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடி, 2021-ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரையின் வாழ்க்கையை அறிந்தோர் இதற்கு வேறு நியாயம் கேளார்.

நல்லொழுக்கத்துக்கு இதில் இடம் உண்டா என்பாரும் உளர். நற்குணத்துக்கென்று வேறு பரிசு இருக்கலாம். அதனை இதனோடு குழப்பவேண்டுவதில்லை. ஆயினும் நடுவரோடு சண்டையிட்டு அணிக்குத் தண்டனை தேடித்தருபவரும், பயிற்சிக்கு வாராதவரும் அணியின் மதிப்பைக் குறைப்பவரே. தோற்றபின் இளையவனின் தோளிற் கைவைத்துத் தேற்றுபவர் அதனைக் கூட்டுபவரே. திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரம் உண்டு. ஒருவனிடத்துள்ள நன்மை தீமை இரண்டையும் ஆராய்ந்து ஆளும் திறத்தை அது பேசுகின்றது. ஆட்டக்காரரை ஆய்வார்க்கும் அவ்வறிவுரை பொருந்தும்.

இம்முறைகளையெல்லாம் வகுத்தபின்னும் ஓர் இடர் எஞ்சுகின்றது. அது வாக்களிப்பவர் நெஞ்சில் இருப்பது. விடுதி மாணவன் விடுதியானுக்கும், ஓர் ஊரான் தன் ஊரானுக்கும், ஒரு வகுப்பான் தன் வகுப்பானுக்கும் சீட்டெழுதும் வழக்கத்தை நாம் அறியோமல்லேம். நாமும் மாணவராயிருந்தபோது, தகுதியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அறைத்தோழர் பெயரை எழுதியவர்களே. அன்று நாம் தவறவிட்டவர் நாள்தோறும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர். ஆட்டம் முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். உணவறையில் அமர்ந்து தம் ஆட்டத்தைப் பற்றிப் பேச அவர்க்கு நேரமில்லை. அவர்க்காகப் பேசவும் ஒருவருமில்லை. அடுத்த பருவத்தில் அவர் அணிக்கு வரவில்லை. அவ்வணி எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கண்டபோதுதான் அவரது மதிப்பு எமக்குத் தெரிந்தது. எவர் இல்லாதிருந்தால் அணி மிகவும் தாழும் என்னும் கேள்விக்கு, அவரை இழந்தே விடை கண்டோம். சாதியும் ஊரும் பாராது ஒரே பந்தியில் உண்டு, ஒரே பாடம் கேட்கும் கல்லூரியில், ஒரு துண்டுச் சீட்டில் அவை மீண்டும் தலைகாட்டுமாயின் நாம் கற்ற கல்வியால் ஆய பயன் என்னை?

பரிசு பெறாதவர்க்கும் ஒரு சொல். இவ்வளவு முயன்றும் தீர்ப்புத் தவறக்கூடும். மனிதர் தீர்ப்பு அத்தகையதே. இறுதிப் போட்டியின் முதன்மையாளர் பரிசு 1969-இல் தொடங்கியபோது அதுவே ரஸலின் கடைசிப் பருவம். அவர் அதனை ஒருமுறையும் பெற்றதில்லை. ஆனால் 2009-இல் அப்பரிசுக்கே பில் ரஸல் பரிசு என்று பெயரிட்டனர். 2022-இல் அவர் மறைந்தார். ஆண்டுதோறும் அதனைப் பெறுபவர் அவர் பெயரையே கையில் ஏந்துகின்றார். தம் வட்டாரத்தாரால் ஒருகால் ஒதுக்கப்பட்ட மாணவர் தோழர்க்காகத் தடுத்த பந்துகளை எவரும் எண்ணவில்லை. ஆயினும் அவை வீண்போகவில்லை.

ஆகவே அடுத்த பருவத்தில் நம் மைதானத்துக்கு வரும் அன்பர்களுக்கு நாம் வேண்டுவது ஒன்றே. பந்து கூடையில் விழும்போது கைதட்டுங்கள்; அதனோடு, அப்பந்து யார் கையிலிருந்து வந்தது என்றும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவ்வாறு பார்க்கப் பழகிய கல்லூரியில், பருவ முடிவில் இப்பரிசு தவறான கையிற் சேர்வது அரிது.